எடிட் செய்த படம் ஏன் இப்படி ஆனது? அறிகுறி பார்த்து வைத்தியம்

எங்கள் கடைக்குப் பிரிண்ட் போட வருகிறவர்கள் நிறையப் பேர் இப்போது படத்தைத் தாங்களே எடிட் செய்துகொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பென்டிரைவைச் சொருகி எங்கள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் பலர் சொல்வது ஒரே வசனம்: "வீட்ல பாக்கும்போது நல்லா இருந்துச்சுண்ணே."

அது பொய்யில்லை. வீட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கும். கோளாறு படத்திலா, திரையிலா, சேமித்த விதத்திலா, பார்த்த கண்ணிலா என்று பிரித்துப் பார்க்காததுதான் சிக்கல்.

புதிதாகப் பழகுகிறவர் கை எப்படிப் போகும் என்று பல முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முகம் மஞ்சளாகத் தெரிகிறது, சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைப்பார். புடவை வெளிறிப்போகும். அதற்காகக் கான்ட்ராஸ்டை ஏற்றுவார். தலைமுடி கறுத்து ஒரே திட்டாக நிற்கும். ஷேடோஸைத் தூக்குவார். இருட்டிலிருந்து புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போடுவார். முகம் மெழுகாகிவிடும். நான்கு ஸ்லைடர் நகர்ந்தாயிற்று. கோளாறு என்னவோ ஒயிட் பேலன்ஸில் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன் செய்யும் அளவு), அதைத்தான் யாரும் தொடவில்லை.

ஆகவே எந்த ஸ்லைடரையும் தொடுவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, எடிட் செய்யாத மூலப் படத்தைத் திறந்து அதிலும் அந்தக் குறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, அதே ஃபைலை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து பாருங்கள். மூன்று, செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஹிஸ்டரி பேனல் இருக்கிறது. போனில் உள்ள ஸ்னாப்சீட் ஆப்பில் 'வியூ எடிட்ஸ்' என்ற இடத்தில் ஒவ்வொரு படியும் அடுக்கி வைத்திருக்கும், நடுவில் உள்ள ஒன்றை மட்டும் திறந்து மாற்றலாம். குறை எந்தப் படியில் மறைகிறதோ அந்தப் படிதான் குற்றவாளி.

அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

முகம் மஞ்சளாக அல்லது ஆரஞ்சாக இருக்கிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மஞ்சள் நிஜமா என்பது. நலங்குப் படத்தில் பெண்ணின் முகத்தில் மஞ்சள் இருக்கத்தான் செய்யும். அதைச் 'சரி'செய்யப் போய் முகத்தை நீலச் சாம்பலாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நிஜ மஞ்சள் இல்லை என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் எல்.ஈ.டி. பல்பின் அட்டைப் பெட்டியிலேயே வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் போட்டிருக்கும். வார்ம் ஒயிட் என்றால் 2700 முதல் 3000 கெல்வின், கூல் டேலைட் என்றால் 6500. மண்டபத்தில் இரண்டும் கலந்து எரியும், போதாததற்கு ஜன்னல் வழியாக வெயிலும் வரும். நம் மூளை இதையெல்லாம் தானாகச் சமன் செய்துவிடுவதால் நேரில் தெரிவதில்லை. கேமரா சில நேரம் தப்பாகக் கணித்துவிடும்.

சரிசெய்ய ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழாயை எடுத்து, படத்தில் சாம்பல் நிறமான ஒரு இடத்தைத் தொட வேண்டும். இங்கேதான் நம்மூர் வில்லங்கம் ஒன்று வருகிறது. வெள்ளை வேண்டுமென்று பலரும் போய்த் தொடுவது மாப்பிள்ளையின் வேட்டியை. அந்த வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். போடாவிட்டாலும், துவைக்கிற பவுடரில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பியனுப்பும் ரசாயனம் இருக்கும். ஆக, நீங்கள் வெள்ளை என்று காட்டியது மெல்லிய நீலம். மென்பொருள் சொன்னபடி கேட்டு அந்த நீலத்தை அடிக்க மஞ்சளைச் சேர்க்கும். முகம் இன்னும் மோசமாகும். பல்லும் கண்ணின் வெள்ளையும் அப்படித்தான், அவை சுத்த வெள்ளை கிடையாது. எவர்சில்வர் குடம் சுற்றிலும் உள்ள நிறத்தை எல்லாம் வாங்கிக் காட்டும். பளீரென்று வெளுத்துப்போன இடத்தைத் தொட்டாலும் பலன் இல்லை, அங்கே நிறத் தகவலே இருக்காது.

எதைத்தான் தொடுவது? கேமராப் பையில் ஒரு சாம்பல் அட்டை வைத்திருந்து, ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு படம் எடுத்து வைப்பது உத்தமம். இல்லையென்றால் ஸ்பீக்கர் பெட்டி, மைக் ஸ்டாண்ட், சாம்பல் பெயின்ட் அடித்த தூண் என்று நான்கைந்து இடங்களைத் தொட்டுப் பார்த்து, அவற்றில் ஒத்துப்போகிறதை எடுத்துக்கொள்ளுங்கள். டெம்பரேச்சர் ஸ்லைடரைக் கையால் நகர்த்தினால் ஒரு குழப்பம் வரும். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும். அதிக கெல்வின் என்றால் நீல வெளிச்சம்தானே, ஏன் மஞ்சளாகிறது? 'எடுத்தபோது இருந்த வெளிச்சம் இவ்வளவு நீலம்' என்று நீங்கள் சொல்கிறீர்கள், மென்பொருள் அதற்கு ஈடாக மஞ்சள் சேர்க்கிறது. அவ்வளவுதான்.

முடித்த பிறகு கண்ணை மட்டும் நம்பாமல் எண்ணையும் பாருங்கள். கன்னத்தின் மேல் கர்சரை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் தெரியும். கறுப்போ மாநிறமோ சிவப்போ, எந்தத் தோலானாலும் வரிசை ஒன்றுதான்: சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. நீலம் பச்சையைத் தாண்டிவிட்டால் குளிர்ச்சி கூடிவிட்டது. நீலம் ஒரேயடியாக அடியில் கிடந்தால் இன்னும் மஞ்சள் போகவில்லை.

கன்னம் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமுமாக இருந்தால், வீடியோ லைட்டும் ஜன்னலும் சண்டை போட்டிருக்கின்றன என்று அர்த்தம். முழுப் படத்துக்குமான ஒரே அளவு அங்கே உதவாது. ஒரு பக்கத்துக்குச் சரிசெய்துவிட்டு, மற்ற பக்கத்தை மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தனியாக மாற்றுங்கள். ஷாமியானாவின் சிவப்புத் துணி வழியாக வெயில் இறங்கிய படமானால் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே சமன் செய்யும் டிண்ட் ஸ்லைடரையும் சேர்த்துத் தொட வேண்டியிருக்கும்.

ரிசப்ஷன் மேடையில் நீல எல்.ஈ.டி. மட்டும் முகத்தில் அடித்த படத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லை. இல்லாத சிவப்பு பதிவாகவும் இல்லை. கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போவதே மேல்.

சிவப்புப் பட்டுப்புடவை ஒரே பூச்சாக, மடிப்பே தெரியாமல் இருக்கிறது

எடிட்டிங்கில் எனக்கு மிகவும் பிடித்த நோய் இது. பார்க்கிறவர்கள் ஃபோகஸ் போய்விட்டது என்பார்கள். போகவில்லை. சரிகை தெளிவாக இருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது, அரக்கு உடல் மட்டும் சிவப்பு பெயின்ட் கொட்டியது போல இருக்கிறது.

ஒவ்வொரு பிக்ஸலிலும் மூன்று நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. புடவையில் வெளிச்சம் பட்ட மேடும் படாத மேடும் 255-க்குப் போய் முட்டிக்கொண்டால், இரண்டுக்கும் வித்தியாசம் போய்விட்டது. மடிப்பு என்பது அந்த வித்தியாசம்தானே.

'ஹிஸ்டோகிராம் பார்த்தேனே, வலது பக்கம் ஒன்றும் முட்டவில்லையே' என்பார்கள். நீங்கள் பார்த்தது மொத்த வெளிச்சத்தின் வரைபடம். அந்தக் கணக்கில் பச்சைக்குப் பங்கு அதிகம், சிவப்புக்குச் சுமார் 30 சதவீதம்தான். அதனால் சிவப்பு 255, மற்ற இரண்டும் பூஜ்யம் என்று முழுசாக நிரம்பி வழிகிற பிக்ஸல்கூட அந்த வரைபடத்தில் 76-இல்தான் உட்காரும், அதாவது இடது பக்க மூன்றில் ஒரு பங்குக்குள். வீடு பற்றி எரிகிறது, வாசலில் பார்த்தால் புகைகூட இல்லை. ஆகவே மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒயிட்ஸ் ஸ்லைடரை நகர்த்தினால், எந்த இடத்தில் எந்த நிறம் முட்டுகிறது என்று கறுப்புப் பின்னணியில் வண்ணத்திட்டாகக் காட்டும்.

வைத்தியம் வரிசையாக. ஒயிட் பேலன்ஸை முதலில் சரிசெய்யுங்கள், மஞ்சள் விளக்கு சிவப்பை ஏற்கெனவே மேலே தள்ளியிருக்கும். சாச்சுரேஷனைக் கூட்டியிருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நிறம் வேண்டுமென்றால் வைப்ரன்ஸைக் கொஞ்சம் கூட்டலாம், அது ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை அதிகம் தொடாது, தோலையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். பிறகு நிறவாரியான பகுதிக்குப் போய்ச் சிவப்பின் லூமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் வெளிச்சத்தை, பத்து, பதினைந்து குறையுங்கள். மடிப்பு திரும்பி வருவது கண்முன் தெரியும்.

வரவில்லையா? போட்டோஷாப்பில் சேனல்ஸ் பேனலைத் திறந்து பச்சையை மட்டும் பாருங்கள். சிவப்புச் சேனல் வெள்ளைத்தாளாக இருந்தாலும் பச்சையில் மடிப்பு உயிரோடு இருப்பதுண்டு. சேனல் மிக்சரில் அதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம். அதிலும் இல்லை, எடுத்ததும் ஜேபெக்தான் என்றால் போனது போனதுதான். கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா ஃபைல் இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பாருங்கள், அதில் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

கோபுரத்தைச் சுற்றி, தலையைச் சுற்றி ஒளிவட்டம்

வளையத்தின் அகலத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முடி அளவு மெல்லிய வெள்ளைக்கோடு என்றால் ஷார்ப்பனிங் அதிகம். ரேடியஸ் 1-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். லைட்ரூமில் அதே இடத்தில் மாஸ்கிங் என்று ஒரு ஸ்லைடர் உண்டு. ஆல்ட் அழுத்திக்கொண்டு நகர்த்தினால் வெள்ளையாகத் தெரியும் இடங்கள் மட்டுமே கூர்மையாகும், தோலும் வானமும் கறுப்பாகும் வரை தள்ளுங்கள். ஷார்ப்பனிங் எப்போதும் கடைசி வேலை, அதுவும் படத்தின் அளவை மாற்றிய பிறகு.

அகலமாக, விளக்கு வைத்த மாதிரி மெல்லக் கரைகிற வளையம் என்றால் கிளாரிட்டி, டீஹேஸ், எச்.டி.ஆர். என்று கான்ட்ராஸ்டைக் கூட்டும் கருவிகளில் ஒன்று. கற்சிலை, மண்டபத் தூண் என்றால் ஆசையாக 60, 70 வரை தள்ளத் தோன்றும். கல்லுக்கு அது அழகாகவும் இருக்கும். கல்லுக்குப் பின்னால் வானம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. கல்லுக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள்.

வளையத்தின் ஓரம் வெட்டினாற்போல இருந்தால் வானத்தை மாஸ்க் போட்டு இருட்டாக்கியபோது எல்லை பிசகியிருக்கிறது. ஊதா நிறக் கோடு என்றால் உங்கள் தப்பே இல்லை, லென்ஸின் குறை. குரோமாட்டிக் அபெரேஷனை நீக்கும் பெட்டியில் ஒரு டிக் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வானத்தில் படிக்கட்டு

சாயங்கால வானம் வழவழவென்று மாறாமல் பட்டை பட்டையாக இறங்குகிறது. ஜேபெக்கில் நிறத்துக்கு 256 படிகள்தான். அதிலும் வானம் பயன்படுத்துவது ஒரு சின்னத் துண்டு. அதை இழுத்து நீட்டினால் படிக்கு நடுவே இடைவெளி விழத்தான் செய்யும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள், எவ்வளவு இழுத்தாலும் சீக்கிரம் கிழியாது. ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் வானத்தின் கான்ட்ராஸ்டைக் குறைத்துவிட்டு, துளியூண்டு கிரெயின் சேருங்கள். படியின் ஓரம் மறைந்துவிடும்.

முகம் மெழுகுப் பொம்மையாகிவிட்டது

போனில் உள்ள அழகுபடுத்தும் ஃபில்டர் சில நேரம் கேமரா ஆப்பிலேயே முன்கூட்டி ஆன் ஆகியிருக்கும். மூலப் படத்திலேயே மெழுகு இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். போன் செட்டிங்கில் அணைத்துவிட்டு மறுபடி எடுப்பது தவிர வழியில்லை.

எடிட்டிங்கில் வந்ததென்றால் நாய்ஸ் ரிடக்‌ஷனோ தோலை வழவழப்பாக்கும் கருவியோ முழு முகத்திலும் ஓடியிருக்கிறது. துளைகள் போனால் தோல் போயிற்று. பருவை ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை முழுசாக அழிக்காமல் பாதியாகக் குறைத்தாலே போதும்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது? என் கணக்கு இது: இன்னும் பதினைந்து நாளில் தானாகப் போய்விடும் என்றால் எடுக்கலாம். பரு, கொசுக்கடி, ஷேவிங் வெட்டு. மச்சம், தழும்பு, அம்மைத்தழும்பு இவற்றை அந்த ஆள் கேட்டால் ஒழியத் தொடக்கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் மேலுதட்டு மச்சத்தை அழுக்கு என்று நினைத்து அறுபது எழுபது படங்களிலும் துடைத்துவிட்டேன். ஆல்பம் வாங்க வந்த அம்மா முதல் பக்கத்தைத் திறந்ததும், "அவ அதிர்ஷ்ட மச்சத்த எங்கப்பா காணோம்?" என்றார். எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதி வைக்கிற சமாச்சாரத்தை நாம் ஒரு கிளிக்கில் அழித்துவிடலாமா?

அப்படியே இன்னொன்று. மாநிறத்தை வெளுப்பாக்குவதைத் திருத்தம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் வெளிச்சத்தை மட்டும் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். வெளுத்த முகத்துக்குக் கீழே பழைய நிறத்திலேயே கழுத்தும் கையும் நிற்பதைப் பார்த்தால் கேட்டவருக்கே சிரிப்பு வரும்.

திரையில் பளிச், பிரிண்டில் இருட்டு

எங்களிடம் வரும் புகார்களில் சண்டை வரைக்கும் போவது இதுதான். லேபில்தான் கெடுத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்வார்கள். ஒருசில நேரம் லேபும் கெடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன் உங்கள் திரையைப் பாருங்கள்.

திரை தானே ஒளி விடுகிறது. காகிதம் அறையில் உள்ள ஒளியை வாங்கித் திருப்புகிறது. மானிட்டரின் பிரைட்னஸ் நூற்றில் நூறு, நேரம் ராத்திரி பதினொன்று, அறை விளக்கை அணைத்தாயிற்று. இந்த நிலையில் எந்தப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும். நீங்கள் இன்னும் கொஞ்சம் இறக்குவீர்கள். காலையில் பிரிண்ட் வரும்போது மாப்பிள்ளையின் கோட்டும் பின்னால் உள்ள திரைச்சீலையும் ஒன்றாகியிருக்கும்.

பிரிண்டுக்காக வேலை செய்கிறவர்கள் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைத்துக்கொள்வார்கள். அளக்கும் கருவி எல்லாரிடமும் இருக்காது. கை வைத்தியம் சொல்கிறேன். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். நீங்கள் பிரிண்டைப் பார்க்கப் போகிற வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். முதல் நாள் 'என்னடா இவ்வளவு மங்கல்' என்று இருக்கும், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

இதற்கு ஒரு தம்பி நோய் உண்டு. பிரிண்ட் நீலம் பாய்ந்து வரும். திரையில் நைட் லைட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். சாயங்காலமானால் தானாகத் திரையை மஞ்சளாக்கும் அந்த வசதி கண்ணுக்கு இதமாக இருக்கும், எடிட்டிங்குக்கு ஆகாது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு காய் பழுத்ததா என்று பார்ப்பது போல. போனில் எடிட் செய்கிறவர்கள் ட்ரூ டோன், ஐ கம்ஃபர்ட், விவிட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மேட் பேப்பரில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, பளபளப்புப் பேப்பரை விடச் சற்று சப்பென்று தெரியும். அது இயல்பு. 12-க்கு 36 ஆல்பத்தைக் கொடுக்கும் முன், இருட்டான படம் ஒன்று, வெளிச்சமான படம் ஒன்று, முகம் நெருக்கமாக உள்ளது ஒன்று என மூன்றை 4-க்கு 6 அளவில் போட்டுப் பாருங்கள். லேபில் கலர் கரெக்‌ஷன் போடுவார்களா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு முறை திருத்தி, ஆபரேட்டர் ஒரு முறை திருத்தினால் இரண்டும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

போட்டோஷாப்பில் ஒரு நிறம், மற்ற இடத்தில் வெளிறிய நிறம்

இது கலர் ஸ்பேஸ், அதாவது எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோல், பற்றிய விவகாரம். அடோபி ஆர்ஜிபியிலோ புரோஃபோட்டோவிலோ சேமித்த படத்தை, அதைப் புரிந்துகொள்ளாத ஆப் திறந்தால் புடவை சாயம் போனது போல இருக்கும். வெளியே அனுப்புகிற எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றும்போது 'கன்வர்ட் டு புரோஃபைல்' என்பதை எடுங்கள். பக்கத்திலேயே 'அசைன் புரோஃபைல்' என்று ஒன்று இருக்கும். முன்னது நிறம் மாறாதபடி எண்களை மாற்றும். பின்னது எண்களை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும். அந்த இரண்டாவதை அழுத்திவிட்டு அரை நாள் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

பிரிண்டில் தலை வெட்டுப்பட்டிருக்கிறது

போன் கேமரா பெரும்பாலும் 4:3 விகிதத்தில் எடுக்கும். 4-க்கு 6 பேப்பரின் விகிதம் 3:2. பேப்பர் முழுக்க நிரப்பினால் படத்தின் குட்டைப் பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே தீரும். எது போக வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் இயந்திரம் தீர்மானிக்கும், அதற்குத் தாத்தாவின் தலைப்பாகையும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். எனவே கொடுக்கும் முன் அந்த விகிதத்துக்கே கிராப் செய்து கொடுங்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டில் சரியாக வெட்டாதீர்கள், ஊனமானது போலத் தெரியும். தொடையிலோ இடுப்பிலோ வெட்டினால் உறுத்தாது.

ஆல்பத் தாளில் நடுமடிப்பில் முகம் வராமல் பாருங்கள். சுற்றிலும் அரை அங்குலமாவது விட்டு எழுத்துகளை வையுங்கள், லேபில் ஓரம் வெட்டும்போது தேதி போய்விடும்.

படம் போதுமா என்ற சந்தேகத்துக்குக் கணக்கு எளிது. அங்குலத்தை 300-ஆல் பெருக்குங்கள். 4-க்கு 6 என்றால் 1200-க்கு 1800 பிக்ஸல். 12-க்கு 18 என்றால் 3600-க்கு 5400. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200-ஆல் பெருக்கினாலும் போதும், 12 மெகாபிக்ஸல் போன் படமே தாங்கும். கிராப் செய்தபின் மிச்சம் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அனுப்பியதும் மங்கிவிட்டது

உங்கள் எடிட்டிங்கில் குறை இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிட்டது. எச்.டி. என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருக்கும். பிரிண்டுக்குப் போகிற படம் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அங்கே எதுவும் தொடப்படாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடிட் செய்து, திரும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இறக்கி மறுபடி எடிட் செய்த படங்கள் கடைக்கு வருகின்றன. பழைய கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்த பாட்டு மாதிரி இருக்கும்.

பின்னணியை வெட்டியதில் ஓரம் அசிங்கமாக இருக்கிறது

ஒரே தட்டில் பின்னணியை எடுக்கும் ஆப்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, மல்லிகைப்பூ வராத வரை. வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் காதோரம் தொங்கும் பூவைச் சுவரின் பகுதி என்று எண்ணித் தின்றுவிடும். நெற்றியோரச் சுருள் முடி, ஜிமிக்கியின் ஓட்டை, கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, இந்த மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். அழித்துவிடாமல் லேயர் மாஸ்க்காக வெட்டியிருந்தால் வெள்ளைப் பிரஷ்ஷால் பூவைத் திரும்ப வரைந்துவிடலாம். தலையைச் சுற்றிப் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருந்தால் மாஸ்க்கை ஒரு பிக்ஸல் உள்ளே தள்ளினால் போகும். புதிய பின்னணியில் வெளிச்சம் இடமிருந்து வருகிறது, முகத்தில் வலமிருந்து வருகிறது என்றால் எந்த மாஸ்க்கும் காப்பாற்றாது, பின்னணியை மாற்றுங்கள்.

கோபுரம் பின்னால் விழுகிற மாதிரி சாய்கிறது

கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அப்படித்தான். பெர்ஸ்பெக்டிவ் ஸ்லைடரால் நிமிர்த்தலாம். ஆனால் முழுசாக நிமிர்த்தாதீர்கள். கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகும். பக்கங்களைச் செங்குத்தாக்கினால் அது அடுக்குமாடிக் கட்டடம் ஆகிவிடும். வாசல் நிலைக்கால்களையும் பக்கத்துக் கொடிமரத்தையும் பார்த்து நிமிர்த்தி, அதிலும் கொஞ்சம் சாய்வை மிச்சம் வையுங்கள். ஏரி, கடல் என்றால் தண்ணீர்க் கோடு மட்டமாக இருக்க வேண்டும், அதில் பேரமே கிடையாது.

திரும்பிப் போக வழியில்லை

மூலப் படத்தின் மேலேயே சேவ் செய்துவிட்டீர்கள். போன் காலரியில் எடிட் செய்ததென்றால் 'ரிவர்ட்' இருக்கிறதா பாருங்கள், பல போன்களில் மூலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். கேமரா கார்டை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்றால் அதிலிருந்து எடுக்கலாம். கூகுள் போட்டோஸ் போன்ற இடத்தில் பேக்கப் இருக்கலாம். மூன்றும் இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இனிமேல் மூலங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, எடிட் செய்தவற்றை வேறு பெயரில் சேமியுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமித்து, மறுநாள் அதையே திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிற வகை. அந்தக் கட்டங்கள்தான் நாளடைவில் கன்னத்தில் தெரிய ஆரம்பிக்கும். வேலை நடக்கிற வரை தரம் தேயாத பிஎஸ்டி அல்லது டிஃப், கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்.

என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் சரியில்லை

இதற்கு மென்பொருளில் காரணம் தேடாதீர்கள், உங்கள் கண் களைத்துவிட்டது. ஒரே படத்தை இருபது நிமிடம் பார்த்தால் அதில் உள்ள மஞ்சள் வெள்ளையாகிவிடும், மிகைப்பட்ட கான்ட்ராஸ்ட் சாதாரணமாகிவிடும்.

படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகத்தை முந்திக்கொண்டு வேறு ஏதாவது கண்ணில் படுகிறதென்றால் அதுதான் உறுத்தல். ஓரத்தில் நிற்கும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கும், நான் பந்தயம் கட்டுவேன். இடவலமாகப் புரட்டிப் பாருங்கள், சாய்வு தெரிந்துவிடும். அதிலும் பிடிபடவில்லை என்றால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து, எடிட் செய்த லேயரை மூலப் படத்தின் மேல் வைத்து ஒபாசிட்டியை, அதாவது அந்த லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை, நூறிலிருந்து மெல்ல இறக்குங்கள். எனக்குப் பெரும்பாலும் எழுபதுக்குப் பக்கத்தில் கை நின்றுவிடும். அந்த இடத்திலேயே சேமித்துவிடுவேன்.